ஒரு சுற்று, ஏழு வருஷம்: நிருபமா வைத்தியநாதனின் தொடக்க காலம்

1998 ஜனவரி மாதம் மெல்பேர்னில் அவுஸ்திரேலிய ஓபன் டெனிஸ் போட்டி. பெண்கள் ஒற்றையர் பிரிவின் முதல் சுற்றில், கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்த 21 வயது நிருபமா வைத்தியநாதன் இத்தாலியின் குளோரியா பிட்சிக்கினியைத் தோற்கடித்தார். அடுத்த சுற்றில் அவரும் தோற்றுப் போனார். அவ்வளவுதான் நடந்தது. ஆனா நவீன காலத்தில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் ஒரு ஆட்டத்தையாவது வென்ற முதல் இந்தியப் பெண் என்று அவர் பெயர் பதிவானது அந்த ஒரே வெற்றியால்தான்.

ஒரு சுற்றுதானே ஜெயிச்சாங்க, இதுக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 14 வயதில் இந்தியாவின் தேசிய சம்பியனான ஒரு பெண்ணுக்கு, உலகப் போட்டி ஒன்றில் ஒரு சுற்று ஜெயிக்க ஏன் ஏழு வருஷம் எடுத்தது? அந்த ஏழு வருஷமும் எப்படிப் போச்சு? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போறோம்.

கண்டியில இருந்து எழுதுற நமக்கு கோயம்புத்தூர்க் கதை எதுக்கு என்பது அடுத்த கேள்வி. எங்க ஊருக்கு விளையாட்டு என்றால் ரக்பி. 1874இல் தொடங்கின கண்டி விளையாட்டுக் கழகம், நித்தவல மைதானம், பாடசாலை பாடசாலையாகப் பிரிஞ்சு நின்று தொண்டை கிழியக் கத்துறது. அதுக்கு அடுத்தது கிரிக்கெட், அதாவது முரளி. வாவிக்கரை கார்டன் கிளப்பில் டெனிஸ் கோர்ட் இருக்கு என்று எல்லாருக்கும் தெரியும்; உள்ளே போய் ஆடினவங்க நம்ம வட்டத்தில் குறைவு. மலைநாட்டுத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமாருடைய கிளப்களிலும் டெனிஸ் கோர்ட்கள் இருந்தன. அங்கே புல் வெட்டுறது, தரையைச் சமன் பண்ணுறது எல்லாம் நம்ம ஆட்களுடைய வேலை. ரக்கெட் பிடிச்சது வேற ஆட்கள்.

ஆக டெனிஸ் நமக்குப் பக்கத்திலேயே இருந்த, ஆனா நமக்குக் கதவு திறக்காத விளையாட்டு. அந்தக் கதவு ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு எப்படித் திறந்தது, எவ்வளவு தூரம் திறந்தது என்று தெரிஞ்சுக்கிறதில் நமக்கு ஆர்வம் இருக்கிறது இயல்புதான்.

அவருக்கு முன்னால் வந்தவர்கள்

"நவீன காலத்தில் முதல்" என்று சொல்றாங்களே, அப்ப அதுக்கு முன்னால் யாராவது இருந்தாங்களா? இருந்தாங்க. 1929இல் ஜெனி சாண்டிசன் என்ற ஆங்கிலோ-இந்தியப் பெண் விம்பிள்டனில் ஆடினார். 1934இல் லீலா ராவ் விம்பிள்டன் முதல் சுற்றில் இங்கிலாந்தின் கிளாடிஸ் சவுத்வெல்லை வென்றார். விம்பிள்டனில் ஒரு ஆட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். லீலாவின் தாயார் க்ஷமா ராவ் சமஸ்கிருதக் கவிஞர், அவரும் டெனிஸ் ஆடினவர். தகப்பனார் மருத்துவர். பம்பாயின் வசதியான, படித்த குடும்பம்.

இந்தப் பின்னணியைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. 1968 வரைக்கும் விம்பிள்டன் போன்ற பெரிய போட்டிகளில் ஆடுறதுக்கு நீங்க அமெச்சூராக இருக்கணும். அதாவது ஆட்டத்தில் பணம் வாங்கக் கூடாது. கேட்கும்போது தூய்மையான கொள்கை மாதிரித் தெரியும். நடைமுறையில் என்ன அர்த்தம்? கப்பல் டிக்கெட், தங்குமிடம், ரக்கெட், பந்து எல்லாத்துக்கும் உங்க வீட்டில் காசு இருந்தால் ஆடலாம், இல்லாட்டி இல்லை.

பிறகு 1952இல் ரீட்டா தாவர் விம்பிள்டன் சிறுமியர் பிரிவின் இறுதி ஆட்டம் வரை போனார். 1971இல் நிருபமா மன்கட், சென்னையின் ஆனந்த் அமிர்தராஜோடு சேர்ந்து விம்பிள்டன் கலப்பு இரட்டையரில் ஒரு சுற்று வென்றார். நம்ம கதாநாயகிக்கும் அதே நிருபமா என்ற பெயர் அமைஞ்சது ஒரு சுவையான பொருத்தம்.

1968இல் தொழில்முறை வீரர்களுக்கும் போட்டிகள் திறந்துவிடப்பட்டன. ஆனா பெண்களுக்கு அது உடனே சோறு போடல. 1970இல் அமெரிக்காவில் ஒரு போட்டியில் ஆண் சம்பியனுக்கு 12,500 டொலர், பெண் சம்பியனுக்கு 1,500 டொலர் என்று அறிவிச்சாங்க. கோபப்பட்ட பில்லி ஜீன் கிங் உட்பட 9 பெண்கள் ஆளுக்கு ஒரு டொலர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்து, ஹூஸ்டனில் தனியாகப் போட்டி நடத்தினாங்க. அதன் தொடர்ச்சியாக 1973இல் பெண்கள் டெனிஸ் சங்கம், அதாவது டபிள்யூ.டி.ஏ., உருவானது. பெண்கள் டெனிஸ் ஒரு தொழிலாக மாறினது அப்படித்தான். நிருபமா பிறந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1976 டிசெம்பரில்.

அப்பாவே கோச்

நிருபமாவின் தகப்பனார் கே.எஸ். வைத்தியநாதன் தமிழ்நாட்டுக்காக ரஞ்சிக் கிண்ண கிரிக்கெட் ஆடினவர். அவர்தான் மகன் கணேஷுக்கும் மகள் நிருபமாவுக்கும் டெனிஸ் கற்றுக்கொடுத்தார். நிருபமா ரக்கெட்டைப் பிடித்தபோது வயசு ஐந்து. இந்தியாவில் இருந்த காலம் முழுக்க அவருக்கு அப்பாதான் கோச்.

இது அந்த ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரையிறுதி ஆடின ராமநாதன் கிருஷ்ணனுக்கு அப்பா டி.கே. ராமநாதன் கோச். கிருஷ்ணன் மகன் ரமேஷுக்கும் வீட்டிலேயே பயிற்சி. அமெரிக்காவின் வீனஸ், செரீனா வில்லியம்ஸ் சகோதரிகளுக்கு அப்பா ரிச்சர்ட். மார்ட்டினா ஹிங்கிஸுக்கு அம்மா. ஹைதராபாத்தின் சானியா மிர்சாவுக்கும் அப்பா.

இதை வாசிக்கும்போது "என்ன அருமையான பெற்றோர்" என்று தோணும். அது உண்மைதான். ஆனா இதை மறுபக்கத்தில் இருந்தும் பார்க்கணும். ஒரு விளையாட்டில் மேலே வந்தவர்களில் இவ்வளவு பேருக்கு அப்பா அம்மாவே கோச் என்றால், அந்த விளையாட்டில் வெளியே இருந்து பிள்ளைகளைத் தூக்கிவிடுற ஏற்பாடு பலவீனமாக இருக்கு என்று அர்த்தம். பாடசாலை செய்ய வேண்டியதை, சங்கம் செய்ய வேண்டியதை, அரசு செய்ய வேண்டியதை ஒரு குடும்பம் தன் தோளில் சுமக்குது. விளையாட்டுத் தெரிந்த, நேரமும் கொஞ்சம் வசதியும் உள்ள அப்பா யாருக்கு இருக்காரோ அவங்க ஏறுவாங்க. காலையில் கொழுந்து பறிக்கப் போற அம்மாவின் மகளுக்கு அதே கை வேகம் இருந்தாலும் அது யாருக்கும் தெரியப் போறதில்லை.

அந்தக் குடும்ப முயற்சிக்குப் பலன் சீக்கிரமே கிடைத்தது. 1991இல், 14 வயதில், நிருபமா இந்தியாவின் தேசிய பெண்கள் பட்டத்தை வென்றார். சிறுமியர் பட்டம் இல்லை, பெரியவங்களுக்கான பட்டம். தொடர்ந்து பல வருஷம் நாட்டின் முன்னணி வீராங்கனையாக இருந்தார். பதின்ம வயதிலேயே உள்ளூரில் அவருக்கு மேலே ஏற இடம் இல்லாமல் போச்சு.

ஏணி எப்படி வேலை செய்யுது

இங்கேதான் டெனிஸ் மற்ற விளையாட்டுகளில் இருந்து வேறுபடுது. தேசிய சம்பியன் என்பதால் மட்டும் உலகத் தரவரிசையில் ஒரு இடமும் கிடைக்காது. கிரிக்கெட்டில் நாட்டு அணிக்குத் தெரிவானால் விமான டிக்கெட், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் சபையின் பொறுப்பு. டெனிஸ் தொழில்முறை வீராங்கனைக்கு அப்படி யாரும் இல்லை. சுருக்கமாகச் சொன்னால் அவர் ஒரு தனிக் கடைக்காரர் மாதிரி. முதலும் அவருடையது, நட்டமும் அவருடையது.

ஏணியின் அடிப்படியில் இருக்கிறது சர்வதேச டெனிஸ் சம்மேளனம் நடத்துற சிறிய போட்டிகள். 1990களில் அதில் ஆகக் கீழ் மட்டத்தில் மொத்தப் பரிசுத் தொகையே 10,000 டொலர். ஒருத்தருக்கு இல்லை, போட்டியில் ஆடுற எல்லாருக்கும் சேர்த்து. ஒற்றையரில் 32 பேர், அதோடு இரட்டையர் ஜோடிகளும் அதைப் பங்கு போடணும். முதல் சுற்றில் தோற்றவருக்குக் கிடைக்கிற பணத்தில் அந்த வார ஹோட்டல் செலவே அடையாது. சம்பியனானால்கூட இந்தியாவில் இருந்து ஐரோப்பாவுக்குப் போய் வந்த விமானச் செலவைக் கழித்தால் கையில் பெரிசாக எதுவும் மிஞ்சாது.

அப்ப எதுக்கு ஆடுறாங்க? புள்ளிகளுக்காக. ஒவ்வொரு வெற்றிக்கும் புள்ளி. புள்ளி சேர்ந்தால் தரவரிசை ஏறும். தரவரிசை ஏறினால் இன்னும் பெரிய போட்டிக்குள் போகலாம், அங்கே பணமும் புள்ளியும் கூட. ஆனா ஒரு சிக்கல் இருக்கு. ஒரு புள்ளியின் ஆயுள் 52 வாரம்தான். போன வருஷம் இதே வாரம் சேர்த்த புள்ளி இந்த வருஷம் இதே வாரம் கழன்று போயிடும். காயம் பட்டு மூன்று மாதம் வீட்டில் இருந்தால், காசு தீர்ந்து இரண்டு மாதம் பயணம் போகாமல் விட்டால், ஏறின படி சறுக்கும். பரமபதம் ஆடினவங்களுக்கு இது நல்லாப் புரியும். இங்கே பாம்பு மட்டும் ஒவ்வொரு வாரமும் வரும்.

ஏணியின் உச்சியில் கிராண்ட்ஸ்லாம். பிரதான சுற்றில் 128 பேர். தரவரிசையில் ஏறக்குறைய முதல் 100 பேர் நேரடியாக உள்ளே போவாங்க. மற்றவங்க தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் தொடர்ந்து ஜெயிக்கணும், அல்லது போட்டி நடத்துறவங்க தங்கள் விருப்பப்படி கொடுக்கிற சிறப்பு அனுமதி கிடைக்கணும். அந்த அனுமதிகளில் பெரும்பாலானவை போட்டி நடக்கிற நாட்டுப் பிள்ளைகளுக்குத்தான் போகும். அவுஸ்திரேலியா, பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளில்தான் கிராண்ட்ஸ்லாம் நடக்குது. அங்கே பிறந்த பிள்ளைக்கு ஒரு பக்கக் கதவு எப்பவும் கொஞ்சம் திறந்திருக்கும்.

18 வயதில் வெளியே

நிருபமா 18 வயதில் ஐரோப்பாவின் சிறிய நாடான லக்சம்பேர்க்குக்குப் போனார். ஐரோப்பாவில் கழகங்களுக்கு இடையில் லீக் ஆட்டங்கள் நடக்கும். வெளிநாட்டு வீராங்கனைகளுக்குப் பணம் கொடுத்துத் தங்கள் கழகத்துக்கு ஆட வைப்பாங்க. அப்படி ஒரு கழகத்தோடு சேர்ந்துகொண்டால் ஒரு கூரையும் கொஞ்சம் வருமானமும் கிடைக்கும். பக்கத்து நாடுகளில் நடக்கிற சிறு போட்டிகளுக்கு ரயிலிலேயே போய் வரலாம். கோயம்புத்தூரில் இருந்து ஒவ்வொரு போட்டிக்கும் பறக்கிறதைவிட இது நடக்கக்கூடிய வழி.

காலத்தையும் யோசிச்சுப் பாருங்க. 1990களின் நடுப்பகுதி. கைத்தொலைபேசி எல்லார் கையிலும் இல்லை, இணையம் இப்பத்தான் தலைகாட்டுது. போட்டிக்குப் பதிவு செய்யிறது தொலைநகலில். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிற பெண்ணுக்கு ஒவ்வொரு எல்லையிலும் விசாக் கேள்வி. எங்க மலையகத்தில் இருந்து வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன அக்காமாரைக் கேட்டால் தெரியும், தனியாக ஒரு ஊரில் போய் இறங்கி, மொழி தெரியாமல், கையில் இருக்கிற காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறது என்றால் என்ன என்று. விளையாட்டுச் செய்திகளில் இதெல்லாம் வராது. ஸ்கோர் மட்டும்தான் வரும்.

பிறகு அவர் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய்ப் பயிற்சி எடுத்தார். அப்பாவுக்குப் பிறகு முழுநேரப் பயிற்சியாளரோடு வேலை செய்யிற வாய்ப்பு அப்போதுதான். 1997இல் ஒற்றையர் தரவரிசையில் 134ஆம் இடத்தைத் தொட்டார். அவருடைய வாழ்நாளில் ஆக உயர்ந்த இடம் அதுதான்.

134 என்றால் சின்ன எண்ணா, பெரிய எண்ணா? உலகம் முழுக்க எத்தனையோ பெண்கள் தொழிலாக ஆடுற ஒரு விளையாட்டில் 134ஆவது ஆள். ஒரு வைத்தியரோ பொறியியலாளரோ தன் துறையில் உலகத்தின் 134ஆவது ஆள் என்றால் அவருக்கு ஊரே மாலை போடும். டெனிஸில் 134 என்பது கிராண்ட்ஸ்லாமின் நேரடி வாசலுக்குச் சற்று வெளியே நிற்கிற இடம். பெரும் பணம் கதவுக்கு உள்ளே இருக்கு, செலவு மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். இந்த இடைவெளி இன்னும் இருக்கு. 2025 அவுஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றிலேயே தோற்றவருக்குக் கிடைத்தது 132,000 அவுஸ்திரேலிய டொலர். அதே வருஷம் ஆகச் சிறிய சர்வதேசப் போட்டியின் மொத்தப் பரிசு 15,000 அமெரிக்க டொலர்.

மெல்பேர்ன், 1998

அந்த அவுஸ்திரேலிய ஓபனில் யாரெல்லாம் ஆடினாங்க என்று பாருங்க. 17 வயது மார்ட்டினா ஹிங்கிஸ் தன் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். 16 வயது செரீனா வில்லியம்ஸுக்கு அதுதான் முதல் கிராண்ட்ஸ்லாம் பிரதான சுற்று. இரண்டாம் சுற்றில் அக்கா வீனஸும் தங்கச்சி செரீனாவும் முதன்முறையாகத் தொழில்முறை ஆட்டத்தில் மோதினாங்க. அக்கா ஜெயித்தார். பிற்காலத்தில் டெனிஸையே மாற்றப் போகிறவங்க எல்லாம் ஒரே வளாகத்தில். அதே வளாகத்தில் ஒரு கோயம்புத்தூர்ப் பெண்ணும் தன் முதல் சுற்றை ஜெயித்தார்.

எங்க ஊர் வாசகர்களுக்கு இன்னொரு தகவல். அந்த டெனிஸ் வளாகத்துக்கும் மெல்பேர்ன் கிரிக்கெட் மைதானத்துக்கும் இடையில் நடந்து போற தூரம்தான். 1995 டிசெம்பர் 26ஆம் திகதி நடுவர் டரல் ஹெயார், முரளியின் பந்துவீச்சை முறையற்றது என்று ஏழு தடவை கையைத் தூக்கினது அந்த மைதானத்தில்தான். அதில் இருந்து மூன்று வருஷம் முடியறதுக்குள், 1998 ஓகஸ்டில், லண்டன் ஓவல் மைதானத்தில் முரளி ஒரே டெஸ்டில் 16 விக்கெட் எடுத்தார்.

இரண்டு பேரையும் ஒப்பிட்டு யார் பெரியவர் என்று கேட்கிறது நம்ம நோக்கம் இல்லை. முரளியின் சாதனைக்குப் பக்கத்தில் வைக்கக்கூடியவங்க உலகத்திலேயே சில பேர்தான். ஏணியை மட்டும் ஒப்பிடுவோம். முரளிக்குக் கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரி இருந்தது. அங்கே கிரிக்கெட் அணி, கோச், பாடசாலைகளுக்கு இடையிலான போட்டி, அதைப் பார்த்து எழுதுற பத்திரிகை. அதுக்கு மேலே கொழும்பில் தமிழ் யூனியன் கழகம். அதுக்கு மேலே தேசிய அணி. 1992இல், 20 வயதில், டெஸ்ட் தொப்பி. மெல்பேர்னில் அவருக்கு அநியாயம் நடந்தபோது அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க கூட நின்றார், நாடே கூட நின்றது. திறமை அவருடையது. படிகள் ஏற்கனவே கட்டப்பட்டிருந்தன.

நிருபமாவுக்கு ஒவ்வொரு படியையும் தானும் அப்பாவும் சேர்ந்து கட்டிக்கொண்டே ஏற வேண்டியிருந்தது. தமிழ்நாடு டெனிஸுக்குப் பேர் போன மாநிலம்தான். சென்னையில் அமிர்தராஜ் குடும்பத்தின் அகடமி இருந்தது, லியாண்டர் பயஸ் அங்கே பயின்றவர். ஆண்களுக்கான பெரிய சர்வதேசப் போட்டி 1997இல் சென்னைக்கு வந்து, இருபது வருஷம் அங்கேயே நடந்தது. சென்னையில் டபிள்யூ.டி.ஏ. போட்டி ஒன்று முதன்முதலாக நடந்தது எப்போது தெரியுமா? 2022இல். அதாவது நிருபமா மெல்பேர்னில் ஜெயித்து 24 வருஷம் கழித்து.

"முதல்" என்ற சொல்

1998 டிசெம்பரில் பாங்கொக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மகேஷ் பூபதியோடு கலப்பு இரட்டையரில் நிருபமா வெண்கலம் வென்றார். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்ஹோத்ராவோடு இரட்டையர் ஆடினார். அதே சிட்னியில்தான் நம்ம சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓட்டத்தில் பதக்கம் எடுத்தார். வறிய கிராமத்துக் குடும்பம் ஒன்றில் இருந்து வந்தவர். சுசந்திகாவைக் கொண்டாடுறோம், சரி. அவருக்குப் பின்னால் அதே உயரத்துக்கு இன்னொரு இலங்கைப் பெண் ஏன் வரல என்று எத்தனை தடவை கேட்டிருக்கோம்?

"முதல் பெண்" என்று ஒருவரைப் பாராட்டும்போது நாம ஒரு விஷயத்தை மறந்துடுறோம். அந்தப் பட்டத்துக்குள்ளே வராமல் போனவங்களின் கணக்கும் இருக்கு. லீலா ராவுக்கும் நிருபமாவுக்கும் இடையில் 64 வருஷம். அந்த 64 வருஷத்தில் இந்தியாவில் கையில் வேகம் உள்ள பெண் பிள்ளையே பிறக்கலையா? பிறந்திருப்பாங்க. வெயிலில் ஆடினால் கறுத்துப் போயிருவ, அப்புறம் யாரு கட்டிக்குவா என்று சொல்லியிருப்பாங்க. குட்டைப் பாவாடை போடாதே என்று சொல்லியிருப்பாங்க. அல்லது காசு இல்லை என்று சொல்லக்கூடத் தேவைப்படாத வீடாக இருந்திருக்கும்.

நிருபமாவுக்குப் பிறகு அடுத்த இந்தியப் பெண் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையரில் ஜெயிக்க மறுபடி ஏழு வருஷம் எடுத்தது. 2005 அவுஸ்திரேலிய ஓபனில் 18 வயது சானியா மிர்சா மூன்றாம் சுற்று வரை போய் செரீனாவிடம் தோற்றார். அதே வருஷம் ஹைதராபாத்தில் டபிள்யூ.டி.ஏ. பட்டம், அமெரிக்க ஓபனில் நான்காம் சுற்று. 2007இல் தரவரிசையில் 27. சானியாவின் உழைப்பும் அடியும் தனி. ஆனா அவருக்குச் சிறு வயதிலேயே பெருநிறுவனம் ஒன்றின் ஆதரவு கிடைத்தது, பிறந்த ஊரிலேயே டபிள்யூ.டி.ஏ. போட்டி நடந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கணும். நிருபமாவுக்கு இல்லாத இரண்டு படிகள் அவை.

ஓய்வுக்குப் பிறகு நிருபமா அமெரிக்காவில் குடியேறி, கலிபோர்னியாவில் டெனிஸ் பயிற்சிக் கூடம் நடத்துறார். 2013இல் தன் விளையாட்டு வாழ்க்கையை "தி மூன்பாலர்" என்ற பெயரில் ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார். மூன்பால் என்றால் நிலாவைத் தொடுற மாதிரி உயரமாகத் தூக்கி அடிக்கிற பந்து. எதிராளி அவசரப்பட்டுத் தப்புப் பண்ணும் வரைக்கும் பொறுமையாகத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறவங்க அடிக்கிற அடி. வேகமாக ஜெயிக்க வசதி இல்லாதவங்களுக்குப் பொறுமைதான் ஆயுதம் என்று நாங்க அதை வாசிச்சுக்கிறோம்.

இப்போது

2025 பெப்ரவரியில் மும்பையில் ஒரு டபிள்யூ.டி.ஏ. 125 போட்டி நடந்தது. அதில் 15 வயது மாயா ராஜேஸ்வரன் ரேவதி தகுதிச் சுற்றில் தொடங்கி அரையிறுதி வரை வந்து, சுவிட்சர்லாந்தின் ஜில் டைக்மனிடம் தோற்றார். மாயாவும் கோயம்புத்தூர்தான். இப்போது ஸ்பெயினில் ரஃபேல் நடாலின் அகடமியில் பயிற்சி பெறுகிறார். அந்த வயதில் நிருபமாவுக்குத் தேசியப் பட்டம் இருந்தது, ஆனா விமானம் ஏறாமல் ஆடக்கூடிய அந்தத் தரத்துப் போட்டி ஒன்றும் நாட்டுக்குள் இல்லை.

சின்னப் பிள்ளைகளை அவசரப்படுத்துறதிலும் ஆபத்து இருக்கு. 1990இல், 14 வயது முடியறதுக்கு முன்னாலேயே ஜெனிபர் காப்ரியாட்டி தொழில்முறையில் இறங்கினார். சில வருஷத்திலேயே மனம் உடைந்து ஆட்டத்தை விட்டு விலகினார். பிறகுதான் டபிள்யூ.டி.ஏ. வயதுக் கட்டுப்பாட்டு விதியைக் கொண்டுவந்தது. இத்தனை வயதுப் பிள்ளை வருஷத்துக்கு இத்தனை போட்டிதான் ஆடலாம் என்று வரம்பு இருக்கு. அதனால் மாயாவின் பெயரைக் கேட்டதுமே "அடுத்த சானியா" என்று தலைப்புப் போட நாங்க தயாரில்லை. அவர் ஆடட்டும், தோற்கட்டும், வளரட்டும்.

நம்ம பக்கம் திரும்பினால், கண்டி மாவட்டப் பாடசாலைகளில் வலைப்பந்து ஆடுற பெண் பிள்ளைகள் நிறைய. எல்லே ஆடுறாங்க, ஓடுறாங்க. யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தில் இலங்கைக்கு ஆசியக் கிண்ணம் வாங்கித் தந்து, அவுஸ்திரேலியாவில் கழக மட்டத்திலும் ஆடினதை எல்லாரும் பார்த்தோம். ஆனா சாதாரண தரப் பரீட்சை வந்ததும் எத்தனை பிள்ளைகளின் விளையாட்டுச் சப்பாத்து கட்டிலுக்கு அடியில் போகுது? மகன் தொடர்ந்து ஆடுறான், மகள் நிற்கிறாள். டெனிஸ் என்றால் அந்தக் கேள்விக்கே இடம் இல்லை. எந்தத் தோட்டப் பாடசாலையில் டெனிஸ் கோர்ட் இருக்கு?

விளையாட்டுத் துறைக்குப் பொறுப்பானவங்களிடம் கேட்க வேண்டியது பதக்கம் எப்ப வரும் என்று இல்லை. பொதுப் பணத்தில் கட்டின கோர்ட்களில் வாரத்தில் எத்தனை மணித்தியாலம் பாடசாலைப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கு? பெண் பிள்ளைகளுக்குப் பெண் பயிற்சியாளர் இருக்காங்களா? மாவட்டப் போட்டிக்குப் போற பஸ் காசை யார் கட்டுறாங்க? நிருபமாவின் ஏழு வருஷத்தைப் படிச்ச பிறகு எங்களுக்கு வருகிற கேள்விகள் இவை.

இன்னொரு வேலை நம்ம கையிலேயே இருக்கு. உங்க அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா யாராவது பாடசாலைக்கோ மாவட்டத்துக்கோ ஆடியிருந்தால், எந்த வருஷம் ஆடினாங்க, எந்த வருஷம் நிறுத்தினாங்க, ஏன் நிறுத்தினாங்க என்று கேளுங்க. அவங்க சம்மதிச்சால் எழுதி அனுப்புங்க. ஜெயிச்சவங்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்காங்க. நிறுத்தினவங்களின் கதையை நாம சேர்த்து வைப்போம்.